விடு என்றொரு பட்டன்

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
14 ஜூன் 2025

சுஹைனாவுக்கு அத்தா எழுதறது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் ஒண்ணும் தப்பா அமுக்கல. அதை முதல்ல எழுதிடறேன். "கண்ணாடி போட்டுட்டு விளையாடுனீங்களா அத்தா"ன்னு கேட்டுட்டு நீ பாட்டுக்கு போனை வெச்சுட்ட. நான் கண்ணாடி போட்டுட்டுதான் இருந்தேன். நீதான் போடாம எழுதியிருக்கற. போன்ல பேசினா "கிண்டல் பண்ணா கட் பண்ணிடுவேன்"ங்கற, பண்ணியும் விடற. அதான் லெட்டர். இதைக் கிழிக்கலாம், கட் பண்ண முடியாது பாரு.

நடந்ததைக் கேளு. பெருநாளுக்கு வந்தப்ப அந்தப் பெரிய போனு மாதிரி டேப்பைக் குடுத்துட்டு, எங்க கம்பெனி கேம், தமிழ்ல எழுதினது நான், பாகம் பாகமா வரும், விளையாடிப் பாத்து கருத்து சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போன. சரின்னு நானும் திம்மராயனும் தினம் அசர் தொழுகைக்கு அப்புறம் டீயும் டேப்புமா உக்காந்தோம். அவனுக்கு வலது கையில கட்டை விரலும் சுண்டு விரலும்தானே. ஒண்ணைத் தொடப் போனா ரெண்டு படுது. அதனால அவன் சொல்லுவான், நான் அமுக்குவேன். அவனோட மூளை, என்னோட விரலு. நல்லாத்தான் போயிட்டிருந்தது.

மூணாம் பாகத்துல அந்தக் கயித்துப் பாலம் அறுந்து, இல்சாகூட மலை ஏறற போரிக் தொங்கறான். ஒரு கையில கயிறு, இன்னொரு கையில மூட்டை. மேல இல்சா, நாங்க ஆட்டி வெக்கற பொண்ணு, கயித்தைப் பிடிச்சுட்டு நிக்கறா. கீழ மூணு பட்டன். இழு, விடு, காத்திரு. திம்மராயன் சொன்னான்: "அந்தக் கனத்தோட எப்படிப்பா ஏறுவான்? மூட்டைய விடச் சொல்லு. விடு, விடு." நான் விடுவை அமுக்கினேன். அந்தப் பொண்ணு கயித்தை விட்டுட்டா. போரிக் போயிட்டான். 'இந்தத் தேர்வை மாற்ற இயலாது'ன்னு நீ எழுதினது வேற வந்து நிக்குது.

திம்மராயன் டேப்பையே பாத்துட்டு இருந்தான். "நானு சொன்னது அது இல்லப்பா"ன்னான். செருப்பை மாட்டிட்டுப் போனவன், இன்னியோட இருபத்திரண்டு நாளு, இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல. பக்ரீத்துக்குக்கூட வரல. உங்கம்மா குடுத்தனுப்பிச்ச பிரியாணி கேரியர் கழுவித் துடைச்சுத் திரும்பி வந்துச்சு. உள்ளே இருந்ததைச் சாப்பிட்டானான்னு கூடத் தெரியல.

நீ எழுதின ஒரு வார்த்தையால முப்பது வருஷ சிநேகம் நின்னுபோச்சு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்த போரிக்கை எழுப்பிக் குடு. அவன் எழுந்தாத்தான் இவன் வருவான்.

மாப்பிள்ளை உமைருக்கு ஸலாம் சொல்லு. அங்க புனேயில மழையா? உன் கழுத்து வலி எப்படி இருக்குது?

துஆவுடன்,
அத்தா அதாவுல்லா


புனே
25 ஜூன் 2025

அன்புள்ள அத்தாவுக்கு, வஅலைக்கும் ஸலாம். இங்கே இருவரும் நலம். மழை பிடித்துக்கொண்டது. கழுத்து வலி குறைந்திருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி, பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். நீங்கள் உண்மை சொல்ல மாட்டீர்கள்.

என் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், பிறகு திட்டுங்கள். எனக்கு வருவது எக்செல் தாள். படம் கிடையாது. யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பது கிடையாது. இல்சா கயிற்றை விடுகிறாளா, போரிக்கிடம் மூட்டையை விடச் சொல்கிறாளா என்பது அந்தக் கட்டத்தில் இல்லை. 'லெட் கோ' என்று இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருந்தன. நான் 'விடு' என்று போட்டேன். பட்டனில் ஐந்து எழுத்துக்கு மேல் இடமும் இல்லை. தவறுதான். ஒப்புக்கொள்கிறேன்.

போரிக்கை எழுப்ப முடியாது அத்தா. எதையும் மறக்காது என்பதுதான் இந்த விளையாட்டின் பெருமையே. வேண்டுமானால் முதல் பாகத்திலிருந்து புதிதாக ஆடலாம்.

ஒன்று மட்டும் புரியவில்லை. திம்மராயன் மாமா நான் பிறந்ததிலிருந்து நம் வீட்டுக்கு வருகிறவர். நீங்கள் அவர் கையைப் பார்த்து 'ஸ்பேனர்' என்று பெயர் வைத்து, மூக்கண்டப்பள்ளி முழுக்க அப்படிக் கூப்பிட வைத்தீர்கள். அதற்கே கோபித்துக்கொள்ளாதவர். ஒரு விளையாட்டில் ஒரு பொம்மை விழுந்ததற்காகவா வராமல் இருக்கிறார்? அன்றைக்கு வேறு ஏதாவது நடந்ததா?

மூன்று பாகங்களைப் பற்றிய கருத்தையும் எழுதுங்கள். அம்மாவுக்கு ஸலாம்.

உங்கள் மகள்
சுஹைனா


மூக்கண்டப்பள்ளி
6 ஜூலை 2025

சுஹைனாவுக்கு அத்தா. அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் அப்படியேதான் இருக்குது, மாத்திரை போட்டுட்டுதான் இருக்கறேன், நீ நம்பலைன்னா மாத்திரைகிட்டயே கேளு.

கருத்து கேட்டியே, எழுதிக்கோ.

முதல் பாகம். நல்லாயிருக்குது. ஆனா அந்த இல்சா ரெண்டு மணி நேரம் மலை ஏறறா, ஒரு வாய் தண்ணி குடிக்கல. ஒரு இடத்துல உக்காந்து காலை நீட்டல. எழுதினவங்க மலை ஏறினதில்ல போல. ஆரம்பத்துலயே பத்து புள்ளி குடுத்து, எதுல வேணும்னாலும் போட்டுக்கோங்குது. 'நாவன்மை, கைத்திறன், மன உறுதி'ன்னு எழுதியிருக்கற. கல்யாணப் பத்திரிகையா அடிக்கற? நாக்கு, கை, மனசுன்னு போட்டா எத்தனை இடம் மிச்சமாவும். திம்மராயன் கையில போடச் சொன்னான். நான் பத்தையும் நாக்குல போட்டேன். அப்புறம் பாரு, எவன் வந்தாலும் இல்சா பேசியே ஆளைக் கவுக்கறா. ஆனா ஒரு சின்ன பூட்டைத் திறக்கத் தெரியல.

ரெண்டாம் பாகம். முதல் பாகத்துல அந்த ஆட்டுக்காரியை லேசா கிண்டல் பண்ணேன். அதை ஞாபகம் வெச்சுட்டு இதுல கதவைத் திறக்க மாட்டேங்கறா. பனியில வெளியவே நிக்கறோம். இப்படி மனசுல வெச்சுக்கற பொம்பள உலகத்துல உண்டா, உங்கம்மாவைத் தவிர?

மூணாம் பாகம். பாலம். அதைப் பத்தித்தான் போன லெட்டர்லயே எழுதிட்டேன்.

வேற ஏதாவது நடந்ததான்னு கேட்டிருந்த. என்ன நடக்கும்? வயசானா ஆளுங்களுக்கு தோலு மெலிசாயிடுது. அவ்வளவுதான். நான் ரெண்டு தடவை அவன் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை மருமக வந்து, மாமா சூளகிரிக்கு டூட்டிக்குப் போயிட்டாருன்னா. அவன் சைக்கிள் வாசல்லதான் நின்னுச்சு. ரெண்டாவது தடவை ஜன்னல் வழியா டேப்பைக் காட்டி, "டேய் ஸ்பேனரு, புதுசா ஆரம்பிச்சிருக்கறேன்டா, போரிக் உசிரோட இருக்கறான்"ன்னேன். ஜன்னலைச் சாத்திட்டான்.

நிஜமாவே புதுசா ஆரம்பிச்சேன். தனியா ஆடிட்டு பாலம் வரைக்கும் வந்து நிறுத்தி வெச்சிருக்கறேன். போரிக் தொங்கிட்டுதான் இருக்கறான். அவன் வந்து சொல்லட்டும், நான் அமுக்கறேன்.

மாப்பிள்ளைக்கு ஸலாம்.

அத்தா


புனே
20 ஜூலை 2025

அன்புள்ள அத்தாவுக்கு, வஅலைக்கும் ஸலாம். நலம். நீங்கள் எழுதிய கருத்தை அப்படியே மேலே அனுப்பினேன். 'நாக்கு' எங்கள் தலைவருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த பாகத்தில் மாற்றுகிறோம்.

பாலத்தைப் பற்றி உங்கள் புகார் தனியாக இல்லை. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பலர் இதையே எழுதியிருக்கிறார்கள். எல்லோருமே மூட்டையை விடச் சொல்வதாக நினைத்துத்தான் அமுக்கியிருக்கிறார்கள். ஆகவே திம்மராயன் மாமாவின் தமிழில் ஒரு தவறும் இல்லை, என் தமிழில்தான் தவறு. இதை அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஏன் இதை எழுதுகிறேன் என்றால், எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நான் நான்காவது படிக்கும்போது மாமா வீட்டுக்கு வந்தால் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்பார்: "பாப்பா, இந்த வார்த்தை தமிழ்ல சரியா? நானு தளி பக்கத்து ஆளு, கன்னடம் கலந்துடும்." சின்னச் சின்ன வார்த்தைகள். 'தள்ளு' சரியா, 'நிறுத்து' சரியா. என்னை ஒரு வாத்தியாராக நினைத்து ஒரு பெரிய மனிதர் கேட்டது அவர்தான். அகராதியைப் புரட்டும் பழக்கமே எனக்கு அப்படித்தான் வந்தது. இருபது வருடம் கழித்து யோசிக்கிறேன். அவர் நன்றாகத்தானே பேசினார். அவர் தமிழ் தவறு என்று அவருக்கு யார் சொன்னது?

உங்களிடம் கேட்டபோது, "அவன் மூளைக்கும் நாக்குக்கும் நடுவுல கர்நாடகா பார்டரு அத்திப்பள்ளி செக்போஸ்ட் இருக்குது" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் இறுதிக்குள் பட்டனைத் திருத்தித் தர வேண்டும். மாமாவிடம் கேட்டு, அந்த இடத்தில் என்ன போட்டால் அவருக்குக் குழம்பாது என்று எழுதுங்கள். அவர் சொல்வதைத்தான் போடுவேன்.

அம்மாவுக்கு ஸலாம்.

சுஹைனா


மூக்கண்டப்பள்ளி
31 ஜூலை 2025

மகள் சுஹைனாவுக்கு அம்மா சுக்ரா எழுதறது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்க துஆ செய்யறேன். நான் லெட்டர் எழுதி பல வருஷம் ஆச்சு, எழுத்து கோணலா இருந்தா பாத்துக்கோ. அத்தாவுக்குத் தெரியாம எழுதறேன். அவரு பள்ளிவாசலுக்குப் போயிருக்கறாரு. இன்னிக்கு வியாழக்கிழமையாச்சேன்னு நீ கேப்ப. வெள்ளிக்கிழமை மட்டும் போறவரு இப்ப தினம் லுஹர் தொழுகைக்குப் போறாரு, அதைத்தான் எழுத வந்தேன்.

உன் லெட்டரு வந்ததுல இருந்து அவரு சரியில்ல. படிச்சுட்டு மடிச்சு சட்டைப் பையில வெச்சுட்டாரு. சட்டையை மாத்தினா அதையும் மாத்தி வெச்சுக்கறாரு. சாப்பாட்டுல கை வெச்சுட்டு எந்திரிச்சுடறாரு. எதுக்கும் கிண்டல் பண்றதில்ல. நான் உப்பு போடாம குழம்பு வெச்சுப் பாத்தேன். பேசாம சாப்பிட்டாரு. அப்பதான் எனக்கு பயம் வந்துச்சு.

அன்னிக்கு நடந்ததை உனக்கு முழுசா எழுதியிருக்க மாட்டாரு. நான் டீ எடுத்துட்டு வந்தேன், கண்ணால பாத்தேன். பொம்மை விழுந்ததும் திம்மராயண்ணன் "நானு சொன்னது அது இல்லப்பா"ன்னாரு. உங்கத்தா தொடையைத் தட்டிச் சிரிச்சாரு. "பாத்தியாடா ஸ்பேனரு, உன் தமிழால மூணு விரலு போச்சு, இப்ப ஒரு ஆளே போயிட்டான்"ன்னாரு. அண்ணன் டீயைத் தொடல. எங்கிட்ட "வர்றேன் தங்கச்சி"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு.

அண்ணன் விரலு போன அந்த மிஷின் விஷயத்துல என்னவோ இருக்குது. நீ பொறந்து ஒன்பதாம் நாளு அது நடந்துச்சு. அன்னிக்கு வேலைக்குப் போயிட்டு வந்த மனுஷன் உன்னைத் தூக்கல. கையைக் கழுவிட்டே இருந்தாரு. நான் கேட்டதில்ல. நீ கேளு. நீ கேட்டா சொல்லுவாரு.

அம்மா


புனே
9 ஆகஸ்ட் 2025

அத்தாவுக்கு, ஸலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடுங்கள்.

'உன் தமிழால மூணு விரலு போச்சு' என்று திம்மராயன் மாமாவிடம் சொன்னீர்களா? அவர் விரலுக்கும் அவர் தமிழுக்கும் என்ன சம்பந்தம்?

கிண்டல் இல்லாமல் எழுதுங்கள். இல்லையென்றால் எழுத வேண்டாம்.

சுஹைனா


மூக்கண்டப்பள்ளி
30 ஆகஸ்ட் 2025

சுஹைனாவுக்கு அத்தா. அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கம்மா எழுதினது தெரிஞ்சுபோச்சு. வீட்டுல இருந்த ஒரே ஒரு கவரைக் காணோம். கேட்டா கேஸ் சிலிண்டர் புக்குல இருக்கும்ங்கறா. சரி, கிண்டல் வேண்டாம்னு எழுதியிருக்கற. மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டு இதை எழுதறேன். அஞ்சாங்கிளாஸ் படிச்சவன் எழுத்து, பொறுத்துக்கோ.

தொண்ணூத்தி ஆறு. நானும் திம்மராயனும் கம்பெனியில, தகடு அடிக்கற பவர் பிரஸ்ல ஒரு ஜோடி. பெரிய பிரஸ்ஸு. அவன் முன்னால நின்னு தகட்டை டைங்கற அச்சுக்குள்ள வெப்பான், கையை எடுப்பான், தலையாட்டுவான். நான் பக்கத்துல நின்னு பெடலை அமுக்குவேன். மேல இருந்து இரும்பு இறங்கி அடிச்சுட்டு ஏறும். பெடலை முழுசா அமுக்கினாத்தான் இறங்கும். பாதி அமுக்கினா டக்குன்னு ஒரு சத்தம் மட்டும் வரும்.

அந்த சத்தத்தை வெச்சு நான் விளையாடுவேன். அவன் பிசிறு எடுக்கறதுக்கு உள்ளே கை விட்டிருக்கும்போது பாதி அமுக்குவேன். டக்குங்கும். அவன் துள்ளி கையை எடுப்பான். ஒர்க் ஷாப்பே சிரிக்கும். அவனும் சிரிப்பான். தினம் நடக்கறதுதான். அன்னிக்கு நீ பொறந்த சந்தோஷம் வேற. காலையில லட்டு குடுத்துட்டு, ஆட்டமா ஆடிட்டு இருந்தேன்.

ஒரு தகடு சிக்கிடுச்சு. அவன் கையை விட்டு எடுத்துட்டு இருந்தான். நான் டக்குன்னேன். அவன் திரும்பாமயே "விடுப்பா"ன்னான். மறுபடி டக்குன்னேன். "விடு, விடு"ன்னான். எதுக்குச் சொன்னான்னு எனக்குத் தெரியும். விளையாட்டை விடுன்னு சொன்னான். சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் மூணாவது தடவை அமுக்கினேன். இரும்பு இறங்கிடுச்சு. தரையில எண்ணெய். கால் வழுக்குச்சா, நானே கொஞ்சம் ஜாஸ்தி அமுக்கினேனா, இந்த இருபத்தொன்பது வருஷத்துல எனக்கே ஒரு நாளைக்கு ஒரு மாதிரி தோணுது.

என்கொயரியில ஆபீசர் கேட்டாரு. நான் ஒரே வரிதான் சொன்னேன். "அவன் விடுன்னு சொன்னான், நான் மிஷினை விட்டேன்." அதுல ஒரு எழுத்து பொய் கிடையாது பாரு. வண்டியை விடுன்னா ஓட்டுன்னு அர்த்தம், மிஷினை விடுன்னாலும் அதேதான் சார்னேன். ஆபீசரு சென்னைக்காரரு. தமிழ் சரியா வராத ஆளு தப்பான வார்த்தை சொல்லிட்டான்னு எழுதிக்கிட்டாரு. பெர்மனன்ட் ஆவ வேண்டியவனை கேட்ல வாட்ச்மேனா உக்கார வெச்சாங்க. அந்த வருஷமே என்னை லைன் லீடர் ஆக்கினாங்க.

ஆஸ்பத்திரியில அவன் கட்டுப் போட்ட கையோட "நானு சொன்னது அது இல்லப்பா"ன்னான். நான் கட்டில்ல உக்காந்து அவனுக்குப் பாடம் நடத்தினேன். "நீ சொன்னது கன்னடத்து பிடுடா. அதுக்கு நிறுத்துன்னு அர்த்தம் இருக்கலாம். ஷாப்புல தமிழ் விடு. அதுக்கு ஓட்டுன்னு அர்த்தம். பஸ் விடறாங்கன்னு சொல்றோம்ல." அவன் "அப்படியாப்பா"ன்னான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவன் தமிழைக் கிண்டல் பண்றதை நான் நிறுத்தினதே இல்ல. நிறுத்தினா அவன் யோசிச்சுடுவான்னு பயம்.

நீ கேட்டதுக்கு இதான் பதில். இதை உங்கம்மாகிட்டகூட சொன்னதில்ல. பட்டன்ல என்ன போடறதுன்னு அவன்கிட்ட கேக்கச் சொன்ன. நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டு கேக்கறது.

பதில் போடு.

அத்தா


புனே
2 நவம்பர் 2025

அத்தாவுக்கு, ஸலாம். அம்மாவும் நீங்களும் நலமா?

இரண்டு மாதம் ஆகிவிட்டது. உங்கள் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. நீங்கள் போனில் கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை. எடுத்தால் நீங்கள் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவீர்கள், நானும் சிரித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. சின்ன வயதில் அந்தச் செக்போஸ்ட் பேச்சுக்குச் சிரித்தவள்தானே நான். நான் பள்ளிக்கூடத் தோழிகளிடம் மாமாவைப் போலப் பேசிக் காட்டியிருக்கிறேன், தெரியுமா? எல்லோரும் கைதட்டினார்கள்.

பட்டனை நானே மாற்றிவிட்டேன். 'கயிற்றை விடு' என்று ஒன்று, 'மூட்டையை விடச் சொல்' என்று ஒன்று. எழுத்துக்கு இடம் இல்லை என்றார்கள். பட்டனைப் பெரிதாக்குங்கள் என்று சண்டை போட்டேன். ஆக்கினார்கள். ஐந்தாம் பாகமும் வந்துவிட்டது.

நீங்கள் எனக்கு எழுதியதை நான் என்ன செய்வது என்று பல நாள் யோசித்தேன். என்னிடம் மன்னிப்பு இல்லை அத்தா. போனது என் விரல் இல்லையே. நீங்கள் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்னும் சொல்லவில்லை. கேட்க வேண்டியவர் சூளகிரியில் கேட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் அவருக்கு எழுதப் போவதில்லை. அது உங்கள் வேலை.

அதைச் செய்த பிறகு எனக்கு எழுதுங்கள். ஜனவரியில் ஊருக்கு வரலாம் என்று இருக்கிறேன். மாமாவிடம் சொல்லாமல் இருக்கும் வீட்டில் வந்து உட்கார என்னால் முடியாது.

அம்மாவுக்கு ஸலாம்.

சுஹைனா


மூக்கண்டப்பள்ளி
16 நவம்பர் 2025

சுஹைனாவுக்கு அத்தா. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க நல்லா இருக்கறோம். மழையில முழங்கால் வீங்கியிருக்குது. சூளகிரி பஸ்ஸுல ஏற முடியல. ஹைவே வண்டிங்க சரியா நிக்கறதில்ல, ஓடிப் போயி ஏறணும். இந்த வாரம் பாக்கறேன்.

பட்டன் பாத்தேன். நல்லா பெருசா இருக்குது. பாலத்துல நிறுத்தி வெச்சிருந்தேனில்ல, 'மூட்டையை விடச் சொல்'லை அமுக்கினேன். போரிக் மூட்டையைப் போட்டுட்டு ஏறி வந்துட்டான். வந்து இல்சாவுக்கு ஒரு நன்றி சொல்லல. நாலு மாசமா தொங்கினவன், கை உதறிட்டு அவன் பாட்டுக்கு நடக்கறான். அது எனக்குப் பிடிச்சுது. எழுதினவங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்குது.

அஞ்சாம் பாகம் இன்னும் திறக்கல. தனியா ஆட ருசியில்ல.

மூணு தடவை பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வந்தேன். உங்கம்மா கேட்டா வாக்கிங்னு சொல்லியிருக்கறேன். முழங்கால் வலிக்காரன் வாக்கிங் போறானாம், அவளும் நம்பறாளாம்.

மாப்பிள்ளைக்கு ஸலாம். பதில் போட வேண்டாம். நானே எழுதறேன்.

அத்தா


மூக்கண்டப்பள்ளி
7 டிசம்பர் 2025

சுஹைனாவுக்கு அத்தா எழுதறது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் நலமா? நாங்க நலம்.

முந்தாநேத்து காலையில சூளகிரிக்குப் போனேன். ரவுண்டானாவுல இறங்கி உள்ளே ஒரு மைல் நடக்கணும். பெரிய குடோனு. லாரிங்க வரிசையா நிக்குது. திம்மராயன் நீல யூனிபார்ம்ல, கழுத்துல விசில் போட்டுட்டு கேட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தான். என்னைப் பாத்து எந்திரிக்கல.

"எங்கப்பா உன் டேப்பு?"

"வீட்டுல."

"அப்ப எதுக்கு வந்த?"

"பேசலாம்னு."

"நீ பேசாம இருந்த நாளு எது, இதுக்குன்னு பஸ் ஏறி வர்றதுக்கு?"ன்னான். ஆனா உள்ளே போயி ஒரு பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்து போட்டான்.

நான் கிண்டல் பண்ணல சுஹைனா. ஸ்பேனருன்னு கூப்பிடல. வரும்போது பஸ்ஸுல எல்லாத்தையும் வரிசையா சொல்லிப் பாத்துட்டே வந்தேன். அங்க உக்காந்ததும் வரிசை கலைஞ்சுபோச்சு. லட்டுல ஆரம்பிச்சேன். அவன் "ஆமா, அன்னிக்கு லட்டு குடுத்த, நெய் கம்மி"ன்னான். அப்புறம் பெடலைச் சொன்னேன். பாதி அமுக்கினது, டக்குன்னது, அவன் விடுன்னது. நடுவுல ஒரு லாரி வந்துச்சு. எந்திரிச்சுப் போயி கேட்டைத் திறந்து, மூடிட்டு, திரும்ப வந்து உக்காந்தான். "ம்"ன்னான். இன்னொரு லாரி வந்துச்சு. போயிட்டு வந்து மறுபடி "ம்"ன்னான். நான் நிறுத்தின இடத்துல இருந்தே என்னை மறுபடி ஆரம்பிக்க வெச்சான்.

"நீ விளையாட்டை விடுன்னுதான் சொன்ன. எனக்கு அப்பவே தெரியும்டா"ன்னேன்.

அவன் என்னைப் பாக்கல. ரோட்டைப் பாத்துட்டே சொன்னான்.

"முப்பத்தஞ்சு வருஷமா மூக்கண்டப்பள்ளியில இருக்கறேன். தினம் நூறு பேரு நூறு தடவை விடு விடுன்றாங்க. சண்டையில விடுன்றாங்க, சமாதானத்துல விடுன்றாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதாப்பா?"

"எப்ப தெரியும்?"ன்னேன்.

"ஆஸ்பத்திரியிலயே தெரியும். நீ கட்டில்ல உக்காந்து பஸ் விடறது, வண்டி விடறதுன்னு சொன்னியே, அப்பவே. தப்பு பண்ணாதவன் அவ்வளவு நேரம் வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுவானா?"

"அப்புறம் எதுக்குடா தினம் வந்த? என்கூட எதுக்கு உக்காந்து டீ குடிச்ச?"

"டீ போடறது தங்கச்சி. அவ கையில என்ன தப்பு?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

அவன் அப்பதான் திரும்பினான். அந்த ரெண்டு விரலு கையால விசிலை எடுத்து சட்டைக்குள்ள போட்டுக்கிட்டான். "நானு கேக்கறதுக்கு நீ என்னைக்கு வாயை மூடின?"ன்னான். கோவமாச் சொல்லல. டைம் என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னான். "பையன்கூட சொன்னான், கேளுப்பான்னு. நானுதான் வேண்டாம்னேன். அவனே ஒரு நாளைக்கு வந்து சொல்லுவான்னேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் பாத்தேன். அப்புறம் பழகிடுச்சு. அன்னைக்கு அந்தப் பொம்மை விழுந்தப்போ உன் மூஞ்சியைப் பாத்தேன். இப்ப சொல்லிடுவான்னு நினைச்சேன். நீ தொடையைத் தட்டின."

நான் சேரை இழுத்து அவன் பக்கத்துல போட்டேன். இன்னும் என்கொயரி மிச்சம் இருந்துச்சு. அதுதான் முக்கியம். பெடலு விளையாட்டுல நடந்ததுன்னு சொல்லிக்கலாம். அந்த ஒரு வரி விளையாட்டு இல்ல. "இருடா, இன்னும் இருக்குது. அந்த ஆபீசரு ரூம்ல என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு கேட்டப்ப நான்"னு ஆரம்பிச்சேன்.

அவன் எந்திரிச்சான். லாரி எதுவும் வரல. விசில் சத்தம், ஹாரன் எதுவும் இல்ல. தொப்பியை எடுத்து மாட்டினான். கேட்டை ஒரு ஆள் போற அளவுக்குத் திறந்து உள்ளே போயி, அந்தப் பக்கத்துல இருந்து மூடினான். தகரச் செவுரு ஓரமா நடக்க ஆரம்பிச்சான்.

நான் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னேன். ஆபீசர் கேட்டதைச் சொன்னேன். நான் சொன்ன வரியைச் சொன்னேன். ஒரு எழுத்து பொய் இல்லாம எப்படிச் சொன்னேன்னு சொன்னேன். அவன் நடை நிக்கல, வேகமும் கூடல. ஷெட்டு மூலை வரைக்கும் அவன் முதுகு தெரிஞ்சுது. மூலையில திரும்பி மறைஞ்சான். அதுக்கப்புறமும் நான் சொல்லிட்டுதான் இருந்தேன்.